முதலில் தாய்ப்பூனையைக் காட்டுங்கள்

"பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், ஆண் குட்டி, இரண்டு மாதம், 600 வெள்ளி. டெபாசிட் 200 போட்டால் நாளைக்கே பாரிட் புந்தாருக்கு அனுப்பிவிடலாம்."

இப்படி ஒரு விளம்பரம் கைப்பேசியில் வந்து விழாத வாரமில்லை. சாம்பல் நிறம், உருண்டை முகம், செம்பு நிறக் கண்கள். வீட்டுப் பிள்ளைகள் பார்த்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. விசாரிக்கக் கிளம்பினால், அதே இனம், அதே நிறக் குட்டிக்கு இன்னொருவர் 3,000 வெள்ளி சொல்கிறார். அதுவும் இப்போது கையில் இல்லையாம். அடுத்த ஈற்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். போதாததற்கு உங்கள் வீட்டைப் பற்றி அவர் கேள்வி கேட்கிறார்.

"ரெண்டும் பூனைதானே அண்ணே, எதுக்கு இவ்வளவு வித்தியாசம்?"

நியாயமான கேள்வி. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கை ஒரு பூனைக்குட்டிக்குக் கொடு என்றால் யாரும் யோசிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த 2,400 வெள்ளி வித்தியாசம் காற்றில் கரைந்து போவதில்லை. ஒரு குட்டியைச் சரியாகப் பிறக்கவைத்து, சரியாக வளர்த்துக் கொடுக்க ஆகும் செலவை யாரோ ஒருவர் ஏற்றுத்தான் ஆக வேண்டும். வாங்குபவர் கொடுக்காவிட்டால் குட்டி கொடுக்கும். குட்டிக்கு முன்னால், கூண்டுக்குள் இருக்கும் அதன் தாய் கொடுக்கும்.

பாரிட் புந்தார் இருக்கும் கிரியான் மாவட்டத்து நம்மவர்களுக்குப் பூனையைக் காசு கொடுத்து வாங்குவது புதுப் பழக்கம். கரும்புத் தோட்டக் காலம் தொட்டு, பிறகு ரப்பர், செம்பனை என்று மாறிய காலத்திலும், லயத்து வீடுகளில் பூனை தானாக வந்து சேர்ந்த உயிர். எலி பிடித்தது, மீன் தலை தின்றது, அடுப்படியில் குட்டி போட்டது. நெல் விளையும் ஊரில் எலிக்குப் பஞ்சமில்லை, பூனைக்கும் பஞ்சமில்லை. இப்போது தாமான்களில் கேட் போட்ட இணைப்பு வீடுகள் வந்துவிட்டன. பூனை வீட்டுக்குள் வந்து சோபாவில் ஏறிவிட்டது. இனப் பூனை வேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிபோங் தெபால், அதைத் தாண்டினால் புக்கிட் மெர்தாஜாம், பட்டர்வொர்த். இந்தப் பக்கம் தைப்பிங், ஈப்போ. எந்தப் பக்கம் போனாலும் விற்பவர்கள் இருக்கிறார்கள். பொறுப்போடு விற்பவர் யார் என்பதில்தான் சிக்கல்.

பிறப்பதற்கு முன்பே ஆன செலவு

நல்ல பிரீடருடைய கணக்கு, குட்டி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிடுகிறது. இனப்பெருக்க உரிமையோடு ஒரு தாய்ப்பூனை வாங்க வேண்டும். செல்லப் பிராணியாக வளர்க்கக் கொடுக்கும் குட்டியின் விலையைவிட இதன் விலை பல மடங்கு. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் விமானச் செலவு, இறக்குமதி அனுமதி, தனிமைப்படுத்தல் எல்லாம் சேரும். அதன் பிறகு பரிசோதனைகள்.

பெர்ஷியனை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளோடு பிறக்கும் பரம்பரை நோய் ஒன்று அந்த இனத்தில் உண்டு. கட்டிகள் வருடக்கணக்கில் மெல்லப் பெருத்து, பூனைக்கு ஏழெட்டு வயதாகும்போது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். மரபணுச் சோதனை வருவதற்கு முன் பல நாடுகளில் ஸ்கேன் செய்து பார்த்தபோது மூன்றில் ஒரு பெர்ஷியனுக்கும் மேலாக இந்த நோய் இருந்தது. காரணமான மரபணுக் கோளாற்றை அமெரிக்காவின் கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் கண்டறிந்தார்கள். பெற்றோரில் ஒன்றிடம் இந்தக் கோளாறு இருந்தால் போதும், ஒவ்வொரு குட்டிக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்பினால் ஆய்வுக்கூடம் பதில் சொல்லிவிடும். சில நூறு வெள்ளிதான் செலவு. அதைச் செய்யாமல் விற்கப்பட்ட குட்டியை ஏழு வருடம் பிள்ளைபோல் வளர்த்தவர்கள், ஒரு நாள் அது சாப்பிட மறுக்கும்போதுதான் விஷயத்தை அறிகிறார்கள். அப்போது மருந்தில்லை.

மெய்ன் கூனுக்கு இதயத் தசை தடித்துப்போகும் நோய். அதற்கான ஒரு மரபணு மாற்றம் 2005இல் தெரியவந்தது. ரேக்டாலுக்கு வேறொன்று 2007இல். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேருக்கும் இதே இதய நோய் வரும். ஆனால் அந்த இனத்துக்கு நம்பத்தக்க மரபணுச் சோதனை இல்லை. தாய் தந்தை இரண்டுக்கும் இதய ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. அதையும் ஒரு முறை எடுத்துவிட்டு நிறுத்த முடியாது. நோய் வயது ஏறித் தலைகாட்டும் என்பதால் மறுபடி மறுபடி எடுக்க வேண்டும். இதைத் திறமையாகச் செய்யும் மருத்துவர்கள் எல்லாத் தெரு முனையிலும் இல்லை. புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கும் செர்டாங், பாரிட் புந்தாரிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல்.

அதிகம் பேசப்படாத ஒன்று இரத்த வகை. பூனைகளுக்கும் இரத்த வகை உண்டு. பெரும்பாலானவை ஏ வகை. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் போன்ற சில இனங்களில் பி வகை கணிசமாக இருக்கிறது. பி வகைத் தாயின் உடலில், ஏ வகை இரத்தத்தை அழிக்கும் எதிர்ப்பொருள் இயற்கையாகவே இருக்கும். அந்தத் தாயை ஏ வகை ஆணோடு சேர்த்தால் பிறக்கும் குட்டிகளில் பலவும் ஏ வகையாக இருக்கும். பிறந்தபோது அவற்றுக்கு ஒரு குறையும் இருக்காது. துள்ளிக்கொண்டு போய்த் தாயின் மடியில் வாய் வைக்கும். சீம்பாலோடு அந்த எதிர்ப்பொருளும் உள்ளே இறங்கும். சிறுநீர் செம்பழுப்பாகும், இரண்டு மூன்று நாளில் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். தாயின் பாலே குட்டிக்கு நஞ்சாகும் இந்தக் கொடுமையைத் தடுக்க, இணைசேர்க்கும் முன் இரண்டின் இரத்த வகையையும் பார்த்தால் போதும். தவிர்க்க முடியாமல் சேர்த்துவிட்டாலும் முதல் ஒரு நாள் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். தெரிந்திருந்தால்தானே பிரிக்க முடியும்? "நாலு குட்டி போட்டுச்சு, மூணு செத்துப்போச்சு, என்னன்னே தெரியல" என்று சொல்லும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம் என்பேன்.

ஓய்வில்லாத வயிறு

நம் ஊரின் வெயில் தாய்ப்பூனைக்குச் செய்வது ஒன்று உண்டு. பகல் நீளமாக இருக்கும் காலத்தில்தான் பெண் பூனைக்குப் பருவம் வரும். இங்கிலாந்திலும் ஜப்பானிலும் குளிர்காலத்தில் பகல் குறுகிவிடும். தாய்ப்பூனைக்கு இயற்கையே சில மாதம் விடுப்புக் கொடுத்துவிடும். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து பாகையில் இருக்கும் பாரிட் புந்தாரில் டிசம்பரும் ஜூனும் ஏறக்குறைய ஒரே அளவு பகல்தான். அதனால் இங்கே பூனைக்கு ஆண்டு முழுக்கப் பருவம். குட்டிகள் பால் குடியை மறந்தவுடன், சில நேரம் அதற்கு முன்பே, அது மறுபடி கத்தத் தொடங்கிவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம் சொச்சம். ஆண் பூனையை அடுத்த கூண்டில் வைத்திருப்பவர் ஆண்டுக்கு மூன்று ஈற்றுகூட எடுத்துவிடலாம்.

ஆகவே நம் நாட்டில் தாய்ப்பூனைக்கு ஓய்வு கிடைக்க வேண்டுமென்றால் அதை மனிதன்தான் கொடுக்க வேண்டும். உலகப் பூனைக் கூட்டமைப்புகளில் ஒன்றான ஃபிஃபே, 24 மாதத்தில் மூன்று ஈற்றுக்கு மேல் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. மனசாட்சியுள்ள பிரீடர்கள் அதையும்விடக் குறைத்து, சில ஈற்றுக்குப் பிறகு தாய்க்குக் கருத்தடை செய்து வீட்டுப் பூனையாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஓய்வு மாதங்களுக்கும் தீனி, மணல், ஊசிச் செலவு உண்டு, வருமானம் கிடையாது. 3,000 வெள்ளியில் அந்த ஓய்வும் சேர்ந்திருக்கிறது. 600 வெள்ளியில் அது கிடையாது.

ஒரு ஈற்றின் கணக்கு

நான்கு குட்டிகள் பிறந்து நான்கும் பிழைத்தன என்று வைத்துக்கொண்டு கூட்டிப் பார்க்கலாம். இவை உத்தேசத் தொகைகள். ஊருக்கு ஊர், கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். ஆண் பூனையோடு சேர்க்க 1,000 வெள்ளி. சேர்ப்பதற்கு முன் தொற்றுநோய் இரத்தச் சோதனையும் பிறகு கர்ப்ப ஸ்கேனும் 250. தாய்க்குச் செய்த மரபணு, இதயச் சோதனைகள் 1,200. அதை நான்கு ஈற்றுக்குப் பிரித்தால் 300. ஐந்து மாதம் தாய்க்கும் பிறகு குட்டிகளுக்கும் தீனியும் மணலும் 1,300. ஒரு குட்டிக்கு இரண்டு தடுப்பூசி வீதம் 560. குடற்புழு, உண்ணி மருந்து 150. மைக்ரோசிப் 240. கருத்தடை 800. வம்சப் பத்திரச் செலவு 200. மொத்தம் 4,800. தலைக்கு 1,200 வெள்ளி.

இதில் தாய்ப்பூனையின் விலை சேரவில்லை. 8,000 வெள்ளிக்கு வாங்கிய தாய் நான்கு ஈற்றில் பதினாறு குட்டி கொடுத்தால் தலைக்கு இன்னும் 500. பிரசவம் சிக்கலாகி இரவு நேரத்தில் வயிற்றைக் கிழித்து எடுக்க நேர்ந்து, அதற்கு 1,200 ஆகி, ஒரு குட்டியும் இறந்துவிட்டால், அதற்கான ஊசி, சிப், கருத்தடை, பத்திரச் செலவைக் கழித்த பிறகும் மீதி மூன்றுக்கும் தலைக்கு 1,850 விழுகிறது; தாயின் விலையையும் பங்கிட்டால் 2,500ஐத் தொடுகிறது. பெரிய தலையும் தட்டை முகமும் உள்ள இனங்களில் இப்படி நடப்பது அபூர்வமல்ல. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நலிந்த குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்தவரின் தூக்கத்துக்கு இந்தக் கணக்கில் எங்குமே விலை போடவில்லை. 3,000 வெள்ளிக்கு விற்பவர் கொள்ளையடிக்கிறார் என்று சொல்பவர்கள் இந்தக் கூட்டலை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

600 வெள்ளிக்கு விற்பவர் இதில் எதையெல்லாம் வெட்டினார் என்பதும் இப்போது தெரிந்துவிடும். சோதனை இல்லை, ஸ்கேன் இல்லை, ஊசி இல்லை, தாய்க்கு ஓய்வில்லை. வெட்டிய எல்லாவற்றிலும் பெரியது காலம். பிரிட்டனின் பூனைப் பேரவை, 13 வாரம் ஆகாத குட்டியைப் புது வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. அதற்குத் தெளிவான காரணம் உண்டு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஆறாவது வாரத்திலிருந்து மெல்லக் குறையும். ஊசியின் பலன் முழுதாக வந்து சேர நேரமாகும். நடுவில் குட்டிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாத ஓர் இடைவெளி விழுகிறது. சரியாக அந்த இடைவெளியில்தான் "இரண்டு மாதக் குட்டி" பெட்டிக்குள் அடைபட்டு, பல பூனைகள் ஏறி இறங்கும் வேனில் வந்து சேர்கிறது. வந்த நாலாம் நாள் வாந்தி, பேதி. கிளினிக்கில் சேர்த்துச் சலைன் ஏற்றினால் சேமித்த பணம் அங்கேயே போய்விடும். பூனை பிழைக்கும் என்ற உறுதியும் இல்லை. இன்னொரு குட்டி படர்தாமரையோடு வரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பெர்ஷியனின் நீண்ட முடிக்குள் அது சொகுசாக வாழ்ந்து, வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் கழுத்திலும் வட்டம் வட்டமாக ஏறும். பூனைக்கும் பிள்ளைகளுக்கும் வாரக்கணக்கில் மருந்து.

எஃப்.ஐ.பி. என்ற கொடிய நோயைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். பூனைகள் நெருக்கமாக வாழும் இடங்களில் பரவும் கொரோனா வகைக் கிருமி, சில குட்டிகளின் உடலில் உருமாறி வருவது அது. எந்த பிரீடரும் இது வராது என்று உத்தரவாதம் தர முடியாது. தருபவரை நம்ப வேண்டாம். முன்பு அது வந்தால் மரணம்தான். 2019இல் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பெடர்சன் குழு வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, 84 நாள் மருந்தில் பல பூனைகள் பிழைக்கின்றன. அதற்கு ஆகும் செலவு சில ஆயிரம் வெள்ளி. நெரிசல் இல்லாமல், சுத்தமாக, குறைந்த எண்ணிக்கையில் வளர்ப்பவரிடம் வாங்கினால் ஆபத்து குறையும்.

பத்திரமும் மடிந்த காதும்

"செர்ட் இருக்கு" என்று சொன்னாலே நம்மவர்கள் திருப்தியாகிவிடுகிறார்கள். பூனைச் சங்கங்களில் அமெரிக்காவின் சி.எஃப்.ஏ. 1906இல் தோன்றியது; டிக்கா 1979இல். இவை தரும் வம்சப் பத்திரம் பூனையின் தாத்தா பாட்டி யார் என்று சொல்லும். அதன் சிறுநீரகம் எப்படி, இதயம் எப்படி என்று சொல்லாது. பத்திரத்தோடு பெற்றோரின் சோதனை முடிவுகளையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். அதில் உள்ள சிப் எண்ணும் பூனையின் தோளில் இருக்கும் சிப் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.

எத்தனை பத்திரம் இருந்தாலும் வாங்கக் கூடாது என்று நான் சொல்லும் பூனை ஒன்று உண்டு. மடிந்த காதுடைய ஸ்காட்டிஷ் ஃபோல்ட். 1961இல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் கண்டெடுத்த சூசி என்ற பெண் பூனையிலிருந்து வந்த இனம் இது. காது மடிவதற்குக் காரணம் குருத்தெலும்புக் கோளாறு. அந்தக் கோளாறு காதோடு நிற்பதில்லை. கால் மூட்டுகளிலும் வாலிலும் எலும்பு முறைதவறி வளர்ந்து, பூனை நடக்கவும் குதிக்கவும் வலியில் தவிக்கும். 1970களின் தொடக்கத்திலேயே பிரிட்டனின் பூனைப் பேரவை இதைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. காரணமான மரபணு 2016இல் கண்டறியப்பட்டது. காது மடிந்த ஒவ்வொரு பூனைக்கும் இந்த நோய் ஏதோ ஓர் அளவில் உண்டு. அது அசையாமல் பொம்மைபோல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "எவ்வளவு சாது" என்கிறோம். பல நேரம் அது வலியில் உட்கார்ந்திருக்கிறது.

வாங்கிய பிறகு

குட்டியின் விலை பெரிதா என்று கேட்பவர்கள், வீட்டுக்கு வந்த பின் ஆகும் செலவையும் பார்க்க வேண்டும். நல்ல தீனி, மணல், ஆண்டு ஊசி, உண்ணி மருந்து, நீள்முடி இனமென்றால் மாதாந்திர குரூமிங் எல்லாம் சேர்த்து மாதம் 200 முதல் 250 வெள்ளி என்று வைத்தால் ஆண்டுக்கு 3,000ஐ ஒட்டி வரும். பூனை பதினைந்து ஆண்டு வாழக்கூடியது. மொத்தத்தில் 40,000 வெள்ளியைத் தாண்டலாம். இதில் நோய் சேரவில்லை. மதிய வெயிலில் பெர்ஷியன் வாயைத் திறந்து இளைக்கும்போது ஓடவிடும் ஏர்கான் கட்டணமும் சேரவில்லை. குட்டியின் விலையைத் தவணையில் கட்டினால்தான் முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் இந்த மாதச் செலவை நினைத்துப் பார்ப்பது நல்லது. தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் பரிசாக வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் "யாராவது எடுத்துக்கிறீங்களா" என்று கேட்கும் குடும்பங்களை நாம் அறிவோம்.

நல்ல பிரீடர் கேள்வி கேட்பது இதனால்தான். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? பகலில் ஆள் உண்டா? ஜன்னலுக்கு வலை இருக்கிறதா? வெளியே விடுவீர்களா? "காசு கொடுக்கிறது நான், கேள்வி கேட்கிறது அவரா" என்று கோபப்படுபவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், கேள்வி கேட்காமல் விற்பவரிடம்தான் கோபப்பட வேண்டும். வெளியே விடாதே என்பதற்கும் நம் நாட்டில் தனிக் காரணம் இருக்கிறது. மலேசியாவில் பூனைகளிடையே பரவும் ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சை நோய், சண்டையில் விழும் கீறல் வழியாகத் தொற்றும். நோயுள்ள பூனை நகத்தால் கீறினால் மனிதருக்கும் வரும். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிய புண் அது.

அவர் கேட்பதைப் போல நீங்களும் கேளுங்கள். முதல் கேள்வி தாயைப் பற்றியது. குட்டிகள் பிறந்து வளரும் இடத்துக்கே போய், தாயை நேரில் பாருங்கள். முடி பளபளக்கிறதா, கண்ணில் பீளை இருக்கிறதா, ஆளைக் கண்டு ஓடி ஒளிகிறதா, மடியில் ஏறுகிறதா? இது எத்தனையாவது ஈற்று, முந்தையது எப்போது? "தாய் வேற இடத்தில இருக்கு" என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். நோய்த் தடுப்புக்காக மற்றப் பூனைகளைத் தொடவிடாத பிரீடர் உண்டு, அது சரிதான். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியாவது தாயைக் காட்டுவார்.

நேரில் பார்க்காமல் பணம் போட்டு ஏமாறுபவர்களும் குறைவில்லை. டெபாசிட் போட்ட மறுநாள் போக்குவரத்துக் காப்புறுதி என்று இன்னும் 300, பெட்டிக்கென்று 150. அப்புறம் எண் உயிரோடு இருக்காது. பணம் அனுப்பும் முன் போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்த வங்கிக் கணக்கைத் தட்டிப் பார்க்கலாம். ஏமாந்துவிட்டது தெரிந்தால் உடனே 997க்கு அழைக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்தது. விலங்குகளை இனப்பெருக்கம் செய்து விற்பதைத் தொழிலாக நடத்துவதற்கு உரிமம் வேண்டும். கொடுமை செய்தால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கூண்டுக்கு மேல் கூண்டு அடுக்கி, மூத்திர வாடையில் தாய்ப்பூனைகளை அடைத்து வைத்திருக்கும் இடத்தைக் கண்டால், பரிதாபப்பட்டு ஒரு குட்டியை வாங்கி "காப்பாற்றி" வந்துவிடாதீர்கள். நீங்கள் கொடுத்த பணத்தில் அந்தத் தாய் அடுத்த ஈற்றுக்குப் போகும். இடத்தைக் குறித்துக்கொண்டு கால்நடைச் சேவைத் துறையிடம் புகார் கொடுங்கள்.

3,000 வெள்ளி இல்லையென்றால் பூனையே வளர்க்கக் கூடாதா? தாராளமாக வளர்க்கலாம், கம்பத்துப் பூனையை. பாரிட் புந்தார் பாசாரைச் சுற்றி, கடை ஐந்தடிகளில், தாமான் வடிகால்களில் எத்தனையோ குட்டிகள் பசியோடு திரிகின்றன. கலப்பில் பிறந்ததால் இன நோய்கள் குறைவு, நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு. எடுத்து வந்து ஊசி போட்டு, கருத்தடை செய்துவிட்டால் முதல் செலவு 500 வெள்ளிக்குள் முடிந்துவிடும். ஈப்போவில் நோவாஸ் ஆர்க் போன்ற தொண்டு அமைப்புகள் கருத்தடைச் செலவுக்குக் கைகொடுக்கின்றன. 600 வெள்ளிக்குப் போலி இனப் பூனை வாங்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

இனப் பூனைதான் வேண்டும் என்று மனம் நின்றுவிட்டால், பிரீடரிடம் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். ஐந்தாறு மாதம் ஆகட்டும். அதற்குள் ஜன்னல்களுக்கு வலை அடித்துவிடலாம், பூனைகளை நன்றாகப் பார்க்கும் வெட் யார் என்று விசாரித்து வைக்கலாம். மாதம் 250 வெள்ளியை இப்போதே தனியாக எடுத்து வைக்கத் தொடங்குங்கள். அந்தப் பணம் இல்லாமலேயே குடும்பம் சிரமமின்றி ஓடுகிறது என்றால், குட்டியைக் கொண்டுவர உங்கள் வீடு தயார்.